ஓட்டியவர்கள் சொல்வது

ஜூன் 11

மழை. சைக்கிளை எடுக்கவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்துக் குலுக்கலைத் தாங்கும் ஃபோர்க்கின் வலது காலிலிருந்து எண்ணெய் கசிந்து வாசல் தரையில் வட்டமாய்க் கறை. அம்மா அதன்மேல் ஒரு பழைய செருப்பை வைத்து மறைத்திருக்கிறாள். யாராவது வந்தால் தெரியக்கூடாதாம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு ஜெர்மன்காரன் விட்டுவிட்டுப் போன ஃபோர்க் இது. அவனுக்கே அப்போது அது பழசு. எங்கள் மலையடி ஊரான கரகோலில் மலைச் சைக்கிள் ஓட்டும் எல்லோரிடமும் இருப்பது இப்படி யாரோ விட்டுவிட்டுப் போனதுதான். மலை எங்களுடையது. அதில் இறங்குவதற்கான சாமான் மட்டும் வேறு யாருடையதோ மிச்சம்.

மழையிலேயே ஊலுக் வந்தான். எங்கள் தெருக்காரன், நசீராவின் புருஷன், இரும்புக் கொட்டகையில் சைக்கிள் பழுது பார்ப்பவன், என்னோடு மலைக்கு வருபவன். முகமெல்லாம் சிரிப்பு.

"அடியே பெர்மெத், பிஷ்கெக்ல சைக்கிள் கடை வச்சிருக்கிற மெலிஸ் அண்ணன் வர்றாராம். புது ஃபோர்க் மூணு. உனக்கொண்ணு, எனக்கொண்ணு, எர்மெக்குக்கு ஒண்ணு. சும்மா!"

"சும்மா எவன்டா குடுப்பான்?"

"ஓட்டிப் பாத்துட்டு கருத்து சொல்லணுமாம். அவ்ளோதான்."

எங்களிடம் கருத்து. இதுவரை எங்களிடம் வழியைத் தவிர யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஜூன் 15

எர்மெக் வீட்டு முற்றத்தில் விருந்து. ஆடு மெலிஸ் அண்ணன் செலவு. எர்மெக்தான் எங்களில் வேகமானவன்; அதனால் அவன் வீடு. என்னையும் சாப்பாட்டு விரிப்பில் உட்காரவைத்தார்கள் — பரிமாற விடாமல்! ஃபோர்க் வாங்கப்போகிறவளாம். அவன் அண்ணிகள் மூன்று பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே தேநீர் ஊற்றினார்கள்.

மெலிஸ் அண்ணனுக்கு வேகவைத்த ஆட்டுத்தலை. அவர் அதன் காதை அறுத்து எனக்குக் கொடுத்தார். சின்னவர்களுக்குக் காதுதானே கொடுப்பார்கள். "சொன்னத கேக்கிற புள்ளையா இரு" என்று எல்லோரும் சிரித்தார்கள். மென்றேன். முறுக்கென்றிருந்தது.

பிறகு வழக்கம்போல ஒவ்வொருவராய் வாழ்த்துச் சொல்லும் முறை வந்தது. எர்மெக்கின் அப்பா நாட்டின் அமைதிக்கு. மாமா மழைக்கு. ஊலுக், "மெலிஸ் அண்ணன் கைபட்டதெல்லாம் பொன்னாகட்டும்" என்றான், கழுதை. என் முறை வந்தபோது பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. மேலே கழுகுப் படம். நான் சொன்னேன்: "இந்த ஃபோர்க் உடையாது, வளையாது, எந்த மலையிலயும் எங்கள கைவிடாது. அப்படி இருக்கட்டும்." கைகளை விரித்து, வாழ்த்தை முடிக்கும் ஓமின் சொல்லி, முகத்தில் தடவிக்கொண்டோம். மெலிஸ் அண்ணன் முழுக்கப் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நினைவுக்கு வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஜூன் 16

மாட்டியாயிற்று. கறுப்பு, மினுமினுப்பு. அம்மா புதுப் பொருளைப் பார்த்ததற்கு ஒரு பண நோட்டை மடித்து பிரேக் கம்பியில் செருகினாள், புது மருமகளைப் பார்த்ததுபோல.

ஜூன் 22

உண்மையை எழுதிவிடுகிறேன். இப்படி ஒன்றை நான் ஓட்டியதில்லை.

ஜிர்கலான் கிராமத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்கு மேலே ஒரு சரிவு இருக்கிறது. வேரும் கல்லுமாய், மாடு மிதித்த குழிகளுமாய். ஜெர்மன்காரனின் ஃபோர்க்கில் அங்கே இறங்கினால் கீழே வந்ததும் விரல்கள் மடங்காது. கரண்டி பிடிக்கமுடியாது. இது கல்லை விழுங்கிவிடுகிறது. சின்னக் குலுக்கலுக்கு உடனே அமுங்குகிறது, பெரிய குதிப்பில் அடிவரை போய் இடிக்காமல் கடைசியில் கெட்டிப்படுகிறது. வளைவில் முன்சக்கரம் நான் சொன்ன இடத்துக்குப் போகிறது. சக்கரம் என் பேச்சைக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. பணக்கார நாட்டுப் பிள்ளைகள் எங்களைவிடத் துணிச்சல்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணிச்சல் இல்லை. ஃபோர்க்.

கீழே வந்து புல்லில் மல்லாந்து படுத்துச் சிரித்தோம். எர்மெக், "இதுக்காக மெலிஸ் அண்ணனுக்கு என் தங்கச்சியவே கட்டிக்குடுப்பேன்" என்றான். "அவரு வயசுக்கு உங்க அத்தைய குடு" என்றான் ஊலுக்.

ஜூலை 1

ஒரு சத்தம்.

ஜூலை 3

முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை முன்னும் பின்னும் தள்ளினால் — கிர்க். கிர்க். சின்னதுதான். உலர்ந்த எலும்பைத் திருகுவதுபோல. ஓட்டும்போதும் பெரிய கல்லில் இறங்கினால் கேட்கிறது.

ஹேண்டிலைக் கழற்றினேன். பேரிங்கைத் துடைத்து கிரீஸ் வைத்தேன். சக்கரத்தை மாற்றினேன். போகவில்லை. கடைசியில் தம்பியைப் பிரேக்கைப் பிடித்து ஆட்டச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இடமாகக் காதை வைத்துக் கேட்டேன். தோளிலிருந்து வருகிறது. ஃபோர்க்கின் இரண்டு காலும் மேலே சேருகிற கட்டியான இடத்தை நாங்கள் தோள் என்போம். ஹேண்டிலுக்குப் போகிற தண்டு அதற்குள்தான் இறங்கியிருக்கிறது. அதில் திருகு இல்லை, பற்றவைப்பும் இல்லை. ஆலையில் மிஷினால் அழுத்தி இறுக்கியது. அந்தப் பிடி தளர்ந்தால் இறுக்கிக்கொள்ள வழியே கிடையாது. முழுக்கத் தளர்ந்தால்? நான் ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்புவேன், சக்கரம் தன்பாட்டுக்கு வேறு பக்கம் போகும்.

புதுசுதானே. சும்மா சத்தமாகக்கூட இருக்கலாம். நிறைய ஃபோர்க் கத்தும் என்பார்கள்.

இருந்தாலும் படுக்கப் போகும்முன் இன்னொரு தடவை காதை வைத்துக் கேட்டேன்.

ஜூலை 5

ஊற்றில் சைக்கிள் கழுவும்போது எர்மெக்கைக் கேட்டேன், உன்னோடது கத்துதா?

"இல்லியே."

"காதுல எப்பவும் பாட்டு மாட்டியிருக்கியே, உனக்கு எப்பிடிடா கேக்கும்?"

"கேக்கலன்னா இல்லன்னுதான் அர்த்தம்."

ஊலுக் குனிந்து சங்கிலியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். நான் நேராகப் போய் அவன் பிரேக்கைப் பிடித்து ஆட்டினேன். சத்தமே இல்லை. அத்தனை அமைதி. கையை விட்டுத் தோளுக்கு அடியில் தடவினால் விரலில் எண்ணெய்.

"என்னடா இது?"

"நசீராவோட தையல் மிஷின் எண்ணெய். நாலு சொட்டு. அடியில விட்டா உள்ள இறங்கிடும். சத்தம் போயிடும்."

"இறுக்கிப் பிடிச்சிருக்கிற இடத்துல எண்ணெய் விட்டா பிடி என்னடா ஆகும்?"

ஊலுக் மறுபடி சங்கிலியைத் துடைக்கப் போனான். எர்மெக்தான் சிரித்தான். "என்னோடதுக்கும் அவன்தான் விட்டான். நீ ஒருத்திதான் காத வச்சு கேட்டுக்கிட்டு இருக்க."

ஆக, இரண்டு பேருக்கும் தெரியும். இல்லியே என்று எர்மெக் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

ஜூலை 8

மெலிஸ் கடையின் இணையப் பக்கத்தைத் தம்பி போனில் காட்டினான். "அக்கா, நீ இருக்க பாரு."

மேலே 'ஓட்டியவர்கள் சொல்வது' என்று பெரிய எழுத்து. கீழே நான். விரிப்பும் தட்டும் வெட்டப்பட்டு என் முகம் மட்டும். "இந்த ஃபோர்க் உடையாது, வளையாது, எந்த மலையிலயும் எங்கள கைவிடாது." அதோடு நறுக். 'அப்படி இருக்கட்டும்' இல்லை. ஓமின் இல்லை. 'பெர்மெத், மலை வழிகாட்டி, கரகோல்.' பக்கத்தில் ஊலுக், எர்மெக். எர்மெக்கின் அப்பாகூட இருக்கிறார்! அந்த மனுஷன் வாழ்க்கையில் கழுதையைத் தவிர எதையும் ஓட்டியதில்லை.

பெட்டியே பிரிக்கல. பெட்டியே பிரிக்கலடா! விருந்துச் சோத்துல உக்காந்து மரியாதைக்கு ஒரு வார்த்தை நல்லதா சொன்னா, அத எடுத்து விப்பியா? விருந்தில் யாராவது கெட்டது சொல்வார்களா? எங்களை உட்காரவைத்து ஊட்டிவிட்டால் வாயிலிருந்து நல்லது மட்டும்தான் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் எங்கள் ஆள்தானே. வெளியூர்க்காரனுக்கு இது தோன்றியே இருக்காது.

ஜூலை 9

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார் மெலிஸ்.

"தங்கச்சி! நல்லா இருக்கியா? அம்மா சுகமா? ஆடு மாடு எல்லாம் சுகமா?" எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாமல் விஷயத்துக்கு வர இந்த ஊரில் முடியாது. சொன்னேன். பிறகு சத்தத்தைச் சொன்னேன்.

"புது செருப்புகூட கத்தும்மா."

"செருப்பு அறுந்தா வெறுங்காலோட நடப்பேன் அண்ணே. இது அறுந்தா?"

"நீ சொன்னதத்தான போட்டிருக்கேன்? நான் ஒரு வார்த்தை சேத்தேனா?"

"ஓட்டாம சொன்னது."

"சரி. இப்ப ஓட்டிட்ட. எழுதி அனுப்பு. அப்படியே போடுறேன்." கொஞ்சம் நிறுத்தி, "காது யாரு குடுத்தான்னு மட்டும் மறந்துடாத."

"காது குடுத்தீங்க. அதான் கேக்குது."

வைத்துவிட்டேன். எழுதி அனுப்பினேன். நல்லதை எல்லாம் எழுதினேன், ஏனென்றால் நல்லது நிஜம். பிறகு தோள்.

ஜூலை 11

போட்டிருக்கிறார். என் பெயரில். "சின்னக் குலுக்கலுக்கும் உடனே அமுங்குகிறது. கல்லை விழுங்கிவிடுகிறது. முதல் நாட்களில் லேசாகச் சத்தம் வரும், பழகிவிடும்."

பழகிவிடும்.

ஜூலை 14

ஜிர்கலானில் ரக்கியா அக்கா வெளிநாட்டு ஆட்களைச் சைக்கிளில் மலையிறக்குகிற தொழில் வைத்திருக்கிறாள். கோடையில் நான் அவளிடம்தான் வழிகாட்டி வேலை பார்க்கிறேன். இன்று கூப்பிட்டு முற்றத்தைக் காட்டினாள். பன்னிரண்டு சைக்கிள். பன்னிரண்டிலும் கழுகு.

"உன்ன பாத்துட்டுத்தான் வாங்கினேன்" என்றாள். "மெலிஸ் என்ன வேணா சொல்லுவான், வியாபாரி. நீ பொய் சொல்ல மாட்டியே. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி மொத வெளிநாட்டுக் கூட்டம் இறங்குது."

வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஊலுக் ஸ்பேனரோடு கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். ரக்கியா அக்கா அவன் தோளைத் தட்டினாள். "இவன நிரந்தரமா வச்சுக்கிட்டேன். ஃபோர்க்கெல்லாம் இவன் பொறுப்பு."

அவன் என்னைப் பார்த்த பார்வை. நசீராவுக்கு இது ஏழாம் மாதம். நிரந்தர வேலை என்ற சொல்லை எங்கள் தெருவில் அப்பா தலைமுறைக்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும் வேனில் எனக்கு என்மேலேயே அருவருப்பு.

ஜூலை 17

ஊலுக்கோடு சண்டை. அவன் கொட்டகையில், கதவைச் சாத்திக்கொண்டு.

"பதினஞ்சு நாள் பொறு. சம்பளம் ஒண்ணு கைக்கு வரட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"பதினஞ்சு நாள்ல எவனாவது விழுந்தா?"

"அவனுங்க மெதுவாத்தான் போவானுங்க. கிழவனுங்க. நான் எண்ணெய் விட்டுக்கறேன்—"

"எண்ணெயா? டேய், வியாதிக்காரன் முனகுறான்னு வாயில துணிய அடைக்கிற நீ!"

"உனக்கென்னடி. உங்கம்மாவுக்கு பென்ஷன் வருது. நேர்மையா இருக்கறதுக்கும் வீட்ல ஏதாவது இருக்கணும்."

அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் தளர்கிற தண்டுக்கு அவன் வீட்டு நிலைமை தெரியாதே!

தளர்கிறது என்று எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியுமா? வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒருவன் சோற்றில் கைவைக்கலாமா?

ஜூலை 19

காட்டுவதற்கு ஒன்று வேண்டும். காதில் கேட்பதை யாரும் நம்பமாட்டார்கள்.

சைக்கிளைக் கவிழ்த்தால் தோளின் அடியில் தண்டின் வாய் வட்டமாய்த் தெரிகிறது. சித்தி மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, தண்டிலிருந்து தோளுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். நகப்பூச்சு காய்ந்தால் வளையாது, விரிசல்தான் விடும். இரண்டும் ஒன்றாக இருக்கிறவரை கோடு கோடாக இருக்கும். ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தால் தெரிந்துவிடும்.

சித்தி மகள்: "உன் நகத்துக்கு ஒரு நாளும் போடல. சைக்கிளுக்குப் போடுற."

ஜூலை 21

அதே ஜிர்கலான் சரிவு. தனியாக. பாதி வேகத்தில் — பயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு கல்லுக்கும் பல்லைக் கடித்தேன்.

கீழே வந்து கவிழ்த்துப் பார்த்தேன்.

கோடு உடைந்திருக்கிறது. தண்டுப் பக்கத்துத் துண்டு, தோள் பக்கத்துத் துண்டைவிட்டு மயிரிழை தள்ளி நிற்கிறது.

ஜூலை 22

ஃபோர்க்கைக் கழற்றிவிட்டேன். ஜெர்மன்காரனுடையதை மாட்டினேன். அம்மா செருப்பைத் திரும்ப எடுத்து வந்தாள்.

ஜூலை 25

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

ரக்கியா அக்கா முற்றத்தில் புதுச் சைக்கிள்களுக்கு விருந்து. மெலிஸ் இன்னொரு ஆட்டோடு வந்திருந்தார். இன்னொரு ஆடு! எங்கள் வாய்க்கு அவர் போட்ட விலை மாறவில்லை. ஊர்ப் பெரியவர்கள், எர்மெக், ஊலுக், நசீரா. நான் ஃபோர்க்கைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். முன்பே ரக்கியா அக்காவைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தேன். "அப்புறம்டி, சோறு ஆறுது" என்று ஓடிக்கொண்டே இருந்தாள்.

வாழ்த்து முறை சுற்றிக்கொண்டு வந்தது. மெலிஸ் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். என் முறை.

"ரக்கியா அக்கா, உங்க சைக்கிள்ல ஏறுற ஒருத்தரும் விழக்கூடாது. அதுதான் என் வாழ்த்து. அதனால சொல்றேன். போன தடவை நான் சொன்னது பெட்டியப் பாத்துச் சொன்னது. ஓட்டிப் பாத்துச் சொல்றது இது: இதுல தோள் தளருது."

போன் கீழே இறங்கியது. "தங்கச்சி, இது வாழ்த்து சொல்ற இடம்."

"வாழ்த்துதான் அண்ணே சொல்றேன். ஒருத்தர் சொல்லும்போது இடையில பேசக்கூடாது."

அதற்கு மேல் அவரால் பேசமுடியவில்லை. முறை முறைதான். சாக்கைப் பிரித்து ஃபோர்க்கை எடுத்து, எல்லோருக்கும் சிவப்புக் கோடு தெரியட்டும் என்று அப்படியே விரிப்பின்மேல் வைத்தேன்.

ரொட்டிக்குப் பக்கத்தில்.

அவ்வளவுதான். எர்மெக்கின் அப்பா எழுந்தே விட்டார். "ரொட்டி இருக்கிற விரிப்புல இரும்பா? உன்ன வளத்தவங்களுக்கு வெக்கம் இல்லியா?" ஆளாளுக்குப் பேச்சு. ஒரு அத்தை ரொட்டியை எடுத்து நெற்றியில் தொட்டுக்கொண்டாள். என் கோட்டை ஒருவரும் பார்க்கவில்லை! ஒருவரும்! அத்தனை நாள் யோசித்தேன், ரொட்டியை மட்டும் யோசிக்கவில்லை. தள்ளி மண்ணில் வைத்திருந்தால்? மண்ணில் வைத்திருந்தால் கேட்டிருப்பார்களா?

எனக்கு அடுத்த முறை ஊலுக்குடையது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஃபோர்க்கெல்லாம் அவன் பொறுப்புதானே. நசீரா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ஆரோக்கியம் கெடைக்கட்டும்" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

ஓமின்.

ஜூலை 26

இந்தக் கோடையில் இனி வேலைக்கு வரவேண்டாம் என்று ரக்கியா அக்கா ஆள் சொல்லி அனுப்பினாள். நேரில் வரவில்லை.

ஜூலை 27

பஜாரில் மாமாவின் அஷ்லான்பூ கடையில், குளிர்ந்த நூடுல்ஸ் சாறு விற்றுக்கொண்டு, நிற்கிறேன். ஸ்டார்ச் களியைச் சீவுவது, மிளகாய்த் தண்ணீர் ஊற்றுவது. கண்ணெல்லாம் எரிகிறது. "விரிப்புல இரும்பு வச்சவ இவதான்" என்று இரண்டு பேர் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். ரொட்டியோடுதான்.

ஜூலை 29

எர்மெக் விழுந்துவிட்டான்.

மாலை. தாடை உடைந்திருக்கிறது, காறை எலும்பும். ஆஸ்பத்திரிக்குக் கறிச்சாறு எடுத்துக்கொண்டு ஓடினேன். பல்லைச் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கில் பேசினான்.

"கல்லு. சரியான கல்லு ஒண்ணு. என் தப்பு."

"ஹேண்டில் திரும்புச்சு, சக்கரம் திரும்பல. அதான?"

"கல்லுன்னேன்ல."

அவன் அண்ணன் சைக்கிளைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்த்திருந்தான். சக்கரம் நேராக நிற்கிறது. ஹேண்டில் கோணலாக, யாரையோ பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல. தோளுக்கடியில் எண்ணெய் மினுங்கியது. கல்லா இதைச் செய்தது? கொடுத்த பொருளைக் குறை சொல்வதைவிடத் தன் ஓட்டத்தையே குறை சொல்லிக்கொள்கிறான், இந்த ஊரிலேயே வேகமானவன்.

வாசலில் ஊலுக் நின்றான். உள்ளே வரவில்லை. அவனுடைய எண்ணெய் அது. அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்றும் தெரியும்.

ஜூலை 30

பால் கறக்கும் நேரத்துக்கு ஊலுக் வந்து கதவைத் தட்டினான். கண் வீங்கியிருந்தது.

"அந்த நகப்பூச்சு இருக்கா?"

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதடி."

"நேராப் போய் ரக்கியா அக்காகிட்ட சொல்லு."

"சொன்னா உன்கூட சேந்துட்டான்னு என்னையும் தொரத்துவா, புதுசா எவனையாவது வைப்பா. அவன் எண்ணெய்கூட விடமாட்டான். உள்ள இருந்தாத்தான் என்னால ஏதாவது பண்ணமுடியும்."

இது தைரியமா, பயத்துக்கு அவன் கண்டுபிடித்த நல்ல பெயரா? தெரியவில்லை. பாட்டிலைக் கொடுத்தேன். காயவிட்டுத்தான் ஓட்டணும் என்றேன். "தெரியும்" என்றான். கதவருகே நின்று, "எர்மெக் சாப்பிட்டானா?" என்று கேட்டான். ஸ்ட்ராவில் என்றேன். போய்விட்டான்.

ஆகஸ்ட் 1

இன்று ரக்கியா அக்காவின் வெளிநாட்டு ஆட்கள் இறங்குகிறார்கள்.

களி சீவும்போது விரலை வெட்டிக்கொண்டேன். ஜிர்கலான் சாலைப் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று போனது. மாமா, "பிரசவ கேஸா இருக்கும், வெள்ளரிக்காய நறுக்கு" என்றார். பிரசவ கேஸாக இருக்கும். பிரசவ கேஸாகவே இருக்கட்டும். ஊலுக் போன் எடுக்க மாட்டேனென்கிறான். மேலே சிக்னல் கிடையாது, எனக்கே தெரியும். இருந்தாலும் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 2

பிரசவ கேஸ்தான். இதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

ஊலுக் கடைக்கு வந்து இரண்டு கிண்ணம் அஷ்லான்பூ குடித்துவிட்டுத்தான் பேசினான். எனக்குப் பதிலாக வழிகாட்டியவன் அவன்தான், சரிவு வழி போகவில்லையாம். ஆட்டு மந்தை குறுக்கே நிற்கிறது என்று கதை விட்டு எல்லோரையும் மேய்ச்சல் தடத்தில் இறக்கியிருக்கிறான். குழந்தைகூட இறங்கும் வழி. வெள்ளைக்காரர்கள் மந்தையைப் போட்டோ எடுக்கவேண்டும் என்று அடம்பிடித்தார்களாம், இல்லாத மந்தையை.

சாயங்காலம் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தான். மேய்ச்சல் தடத்திலேயே நாலு கோடு உடைந்திருக்கிறது.

"ரக்கியா அக்கா கையப் பிடிச்சு இழுத்துக் கொண்டுவந்து காட்டினேன். குந்தி உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தா. விரல வச்சுத் தடவினா. ஒண்ணுமே சொல்லல. அப்புறம், பழைய ஃபோர்க்கெல்லாம் எங்க இருக்குன்னு கேட்டா."

"என்னப் பத்தி?"

கிண்ணத்தின் அடியைப் பார்த்தான். "பெர்மெத்துகிட்ட சொல்லாதேன்னா."

சிரித்துவிட்டேன். மிளகாய் மூக்கில் ஏறி அழுவதுபோல ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 19

ரக்கியா அக்கா ஃபோர்க்குகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். காரணம் சொல்லவில்லையாம், நிறம் பிடிக்கவில்லை என்றாளாம். என்னைக் கூப்பிடவில்லை. பஜாரில் எதிரே பார்த்தால் உருளைக்கிழங்கைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொள்கிறாள். ஊலுக்கின் வேலை இருக்கிறது. என்னுடையது இல்லை. இதில் நியாயம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மெலிஸ் கடையின் இணையப் பக்கத்தில் என் முகம் இன்னும் அப்படியே இருக்கிறது. உடையாது, வளையாது. அடுத்து நரின் ஊர்ப் பக்கம் போகிறாராம். ஆட்டோடு.

ஆகஸ்ட் 20

ஊலுக்கும் நானும் அவன் கொட்டகையில் ஒரு வீடியோ எடுத்தோம். முகம் இல்லை. கழுகு இல்லை, மெலிஸ் பேர் இல்லை. இரண்டு கை, ஒரு தோள், ஒரு சிவப்புக் கோடு. "உங்க ஃபோர்க் எதுவா இருந்தாலும் சரி, யாரு குடுத்ததா இருந்தாலும் சரி. கோடு போடுங்க, ஓட்டுங்க, கவிழ்த்துப் பாருங்க. அப்புறம் வாழ்த்து சொல்லுங்க." கடைசி வரி ஊலுக்குடையது. சொல்லும்போது எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மறுபடி எடுக்கவில்லை, அப்படியே இணையத்தில் போட்டோம்.

செப்டம்பர் 4

ஊலுக்குக்குப் பெண் குழந்தை. என் முறை வந்தபோது, "நல்லா காது கேக்கட்டும்" என்றேன்.

செப்டம்பர் 13

கடை விடுமுறை. பஜாரில் சாமான் வாங்கப் போனேன். பெண்கள் பொருள் விற்கும் கடைக்காரியிடம் சிவப்பு நகப்பூச்சு கேட்டேன்.

"சிவப்பா? எங்க இருக்கு? நேத்து நரின்ல இருந்து ரெண்டு தடியனுங்க வந்தானுங்க. கையெல்லாம் கிரீஸ். இருந்ததெல்லாம் வாரிக்கிட்டுப் போயிட்டானுங்க. போன வாரம் தலாஸ்காரன் ஒருத்தன். என்னடி ஆச்சு இந்த ஆம்பளைங்களுக்கு? யாருக்காவது கல்யாணமா?"

"தெரியலியே அக்கா."

"ரோஜா கலர்தான் மிச்சம். வேணுமா?"

வாங்கிக்கொண்டேன். எனக்கில்லை. எர்மெக்குக்கு நேற்றுத்தான் தாடைக் கம்பியை எடுத்தார்கள். யாரோ விற்ற பழைய ஃபோர்க் ஒன்றை மாட்டியிருக்கிறான். அண்ணனிடம் சொல்லி விட்டிருந்தான் — அந்தக் கோடு போடுறத கொஞ்சம் வந்து போட்டுட்டுப் போகச் சொல்லு, யாருக்கும் தெரியவேண்டாம்.

ரோஜா நிறம் என்றால் கத்துவான். கத்தட்டும்.